மார்ல கட்டி, ஊசியிலயே எடுத்துரலாமா?

வணக்கம் மக்களே, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்லருந்து பேசுறேன், மோனோரயில் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. நெறைய பொண்ணுங்க இன்பாக்ஸ்ல கேக்குறது ஒண்ணுதான், அக்கா மார்ல கட்டி இருக்கு, கேன்சர் இல்லனு சொல்லிட்டாங்க, கத்தி வைக்காம ஊசியிலயே எடுக்கலாமாமே, செய்யலாமா?

செய்யலாம். ஆனா மொதல்ல எடுக்கத்தான் வேணுமானு கேளுங்க. சின்ன வயசுல வர்ற கட்டி முக்காவாசி ஃபைப்ரோஅடினோமாதான், அதாவது கேன்சர் இல்லாத ஒரு வகை கட்டி, விரல வச்சா நழுவி ஓடும். டாக்டர் தொட்டுப் பார்த்தது, ஸ்கேன், பயாப்சி (கட்டியில கொஞ்சூண்டு எடுத்து லேப்ல பார்க்குறது) எடுத்திருந்தா அதோட ரிசல்ட், எல்லாம் கேன்சர் இல்லனு ஒத்துப்போய் கட்டியும் வளராம வலிக்காம இருந்தா அப்படியே விட்டுட்டு அப்பப்ப ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம், மென்சஸ் நின்னப்புறம் தானா சுருங்குறதும் உண்டு. வளருது, வலிக்குது, இல்ல அதை நெனச்சு தூக்கமே வரலன்னா அப்ப எடுக்குறது நியாயம்.

என் சித்தி மக செஞ்சுக்கிட்டா, அவகிட்ட கேட்டுட்டுத்தான் இங்க சொல்றேன். மயக்கம் எல்லாம் கொடுக்கல, அந்த இடம் மட்டும் மரத்துப்போற ஊசி, அது மட்டும் சுருக்குனு எரிஞ்சுச்சாம். அரை சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு வெட்டு, அது வழியா ஊசிய விட்டு, அல்ட்ராசவுண்ட் ஸ்கிரீன பார்த்துக்கிட்டே கட்டிக்கு அடியில கொண்டுபோறாங்க. ஊசியோட பக்கவாட்டுல ஒரு ஜன்னல், வேக்கூம் கட்டிய அதுக்குள்ள இழுக்கும், உள்ள சுத்துற பிளேடு வெட்டும், துண்டு வெளிய வந்துரும், திரும்பத் திரும்ப இதேதான். தட்டுல பார்த்தா ஒடிச்ச மீஹூன், அதான் மெல்லிசு அரிசி நூடுல்ஸ், மாதிரி வெள்ளையா கிடந்துச்சாம், இவ இன்னைக்கு வரைக்கும் மீஹூன் சாப்பிடல லா! தையல் இல்ல, அழுத்திப் புடிச்சு பிளாஸ்டர், அன்னைக்கே வீடு.

சின்ன ஓட்டை தானேன்னு நெனச்சுராதீங்க, உள்ள ரத்தம் கட்டும். இவளுக்கு கத்தரிக்காய் கலர்ல பெருசா கன்னிப்போச்சு, தொட்டா உருண்டையா வேற இருந்துச்சு, கட்டி திரும்ப வந்துருச்சுனு ஒரே அழுகை. அது கட்டி இல்ல, உறைஞ்ச ரத்தம், கொஞ்ச வாரத்துல கரைஞ்சுரும். ஆனா ரொம்ப வீங்குது, சிவக்குது, காய்ச்சல் வருதுன்னா காத்திருக்காம ஹாஸ்பிட்டல் போங்க. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க முன்னாடியே சொல்லிடணும், நீங்களா நிறுத்தவும் கூடாது.

எல்லா கட்டிக்கும் இது சரிப்படாது. மூணு சென்டிமீட்டருக்கு மேல போனா பெரும்பாலும் ஒப்பரேஷன்தான் சொல்வாங்க. வேகமா வளர்ற கட்டி ஃபில்லாய்டஸா (பார்க்க ஃபைப்ரோஅடினோமா மாதிரியே இருக்கும், ஆனா சிலது கேன்சராவும் இருக்கும்) இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா கண்டிப்பா ஒப்பரேஷன் பண்ணி ஒரே துண்டா முழுசாதான் எடுக்கணும், ஏன்னா துண்டு துண்டா வர்றதுல ஓரம் சுத்தமா இருக்கா, கட்டி மிச்சம் இல்லாம வந்துருச்சானு லேப்ல பார்க்க முடியாது. அதனாலதான் பயாப்சி முன்னாடி எடுக்குறது, ‘கட்டிய மொத்தமா எடுத்துரலாம் வாங்க’னு நேரா பேக்கேஜ் விக்கிற இடத்துல கொஞ்சம் நிதானமா இருங்க.

அப்புறம் இந்த எண்ணெய் தேய்ச்சா கரையும்னு பாட்டிங்க சொல்வாங்களே, கரையாது, சும்மா வலிதான் மிச்சம். கல்யாணம் ஆகாத பொண்ணு, தழும்பு விழும்னு செக்கப்பையே தள்ளிப்போடுற அம்மாக்களும் இருக்காங்க, ஆன்ட்டி ப்ளீஸ், பிள்ளைய கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க. எடுத்த துண்டு லேபுக்குப் போகும், அந்த ரிசல்ட்ட போய் வாங்காம விட்டுறாதீங்க, அதுல என்ன எழுதியிருக்குனு டாக்டர உக்கார வச்சு கேட்டுட்டு ஒரு காப்பியும் கையோட வாங்கிட்டு வாங்க. சரி மக்களே, பசிக்குது, கெளம்புறேன், பாய்!