டாக்டர் சீட்டுல ஆறு மணி நேரம், கண்ணுல எவ்வளவு நேரம்?

(ஒரு தொடக்கப் பள்ளியோட பெற்றோர் கூட்டத்துல பேசினது, கொஞ்சம் சரிபண்ணி எழுத்துல)

எல்லாருக்கும் வணக்கம். ஹெச்.எம். மேடம், டீச்சருங்க, சனிக்கிழமை வேலைய விட்டுட்டு வந்திருக்கிற அப்பா அம்மா, எல்லாருக்கும். பாட்டிங்க நிறைய பேர் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம், ஏன்னா இன்னைக்குக் குழந்தைங்களோட சோம்பேறிக் கண்ணப் பத்திப் பேசப் போறேன், அதுல பாதி உங்களுக்குத்தான்.

நான் கண் டாக்டர் இல்லீங்க, ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் செக் பண்றது, சோம்பேறிக் கண்ணு இருக்கிற புள்ளைக்கு நல்ல கண்ண மூடற பேட்ச் எப்படி ஒட்டணும்னு சொல்லிக் குடுக்கிறது, அடுத்த தடவ வர்றப்ப "ஒழுங்கா போட்டீங்களாம்மா"ன்னு கேக்குறது, இதுதான் என் வேலை. அந்தக் கேள்விக்கு பதில் எப்பவும் "போட்டோம் சார்"தான். அதச் சொல்லும்போது பக்கத்துல நிக்கிற புள்ள அம்மா மூஞ்சியப் பாக்கும், அம்மா சுவத்துல இருக்கிற சார்ட்டப் பாப்பாங்க. அவங்க பொய் சொல்றாங்கன்னு நான் நினைக்கல. காலைல ஒட்டினது ஞாபகம் இருக்கும், பத்து நிமிஷத்துல பிச்சுப் போட்டது கணக்குல வராது, அவ்வளவுதான்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். சோம்பேறிக் கண், டாக்டருங்க ஆம்பிளியோபியான்னு சொல்வாங்க, 100 குழந்தைங்கள்ல ரெண்டு மூணு பேருக்கு இருக்கும். ஒரு கண்ணுல மட்டும் பவர் ரொம்ப அதிகமா இருக்கலாம், மாறுகண் இருக்கலாம், சிலருக்குப் பிறவியிலேயே புரை இருக்கலாம், எதுவா இருந்தாலும் அந்தக் கண்ணு அனுப்புற மங்கலான படத்த மூளை ஒதுக்க ஆரம்பிச்சிடும், சின்ன வயசுல ஒதுக்கினா அந்தக் கண்ணுக்கான நரம்பு இணைப்பு சரியா வளராது. ஹியூபல், வீசல்னு ரெண்டு பேர் பூனைக்குட்டிங்க கண்ண மூடி வச்சு இதக் காட்டினாங்க, 1981ல நோபல் பரிசு வாங்கினாங்க. இன்னொரு கண்ணு நல்லா தெரியறதால புள்ள எதுவும் சொல்லாது, டிவி பாக்கும், ஓடும், ஆடும், யாருக்கும் சந்தேகமே வராது. மாறுகண் அதிர்ஷ்டம்னு சொல்றவங்க வேற இன்னும் இருக்காங்க, அந்த அதிர்ஷ்டத்த நம்பி ட்ரீட்மென்ட்ட வருஷக் கணக்குல தள்ளிப் போட்ட குடும்பங்கள நாங்க பாத்துட்டேதான் இருக்கோம்.

வைத்தியம் பழசு. பிரான்ஸ்ல பூஃபோன்னு ஒருத்தர் 1743லயே நல்ல கண்ண மூடுங்கன்னு எழுதி வச்சுட்டாரு. முதல்ல கண்ணாடி, சில புள்ளைங்களுக்கு அதுலயே சரியாயிடும், பத்தலைன்னா நல்ல கண்ணு மேல பேட்ச். முழுங்கற மாத்திரை கிடையாது, ஆபரேஷன் பண்ணி மாறுகண்ண நேராக்கினாலும் பார்வை தானா வந்துடாது. போட்டுட்டே இருக்கணும், அதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறோம்.

லண்டன்ல 2000க்கு அப்புறம் ஒரு காரியம் பண்ணாங்க. பேட்ச்சுக்குள்ளயே ஒரு சின்ன மீட்டர வச்சு, குழந்தை நிஜமா எத்தனை மணி நேரம் போட்டுதுன்னு அளந்தாங்க. டாக்டர் சொன்னது தினமும் ஆறு மணி நேரம், மீட்டர்ல வந்தது சராசரியா மூணு மணி நேரத்துக்கும் கம்மி. பாதி கூட இல்ல. அடுத்து 2007ல வந்த ஆராய்ச்சில ஒரு கூட்டத்துக்கு 6 மணி நேரம், இன்னொரு கூட்டத்துக்கு 12 மணி நேரம் எழுதிக் குடுத்தாங்க, முதல் கூட்டம் போட்டது 4.2, ரெண்டாவது கூட்டம் போட்டது 6.2. கடைசில ரெண்டு கூட்டத்துக்கும் பார்வைல பெரிய வித்தியாசம் இல்ல. சீட்டுல மணி நேரத்த ஏத்திட்டே போனா கண்ணுக்கு அந்த அளவுக்குப் போய்ச் சேராதுன்னு இதுலயே தெரியுது.

அதே லண்டன் ஆட்கள் இன்னொரு கணக்கும் சொன்னாங்க, சார்ட்டுல ஒரு வரி கூடுதலா படிக்க சராசரியா 120 மணி நேரம் பேட்ச் போடணும்னு. தினமும் ரெண்டு மணி நேரம் ஒழுங்கா போட்டா ரெண்டு மாசத்துல ஒரு வரி. ஒரு மணி நேரம்தான் போட்டீங்கன்னா நாலு மாசம். ரெண்டு மாசத்துல வந்து "ஒண்ணும் முன்னேற்றமே இல்லையே சார், டாக்டர மாத்தலாமா"ன்னு கேக்குறவங்க இந்தக் கணக்க வீட்டுல ஒரு தடவ போட்டுப் பாருங்க.

சரி, புள்ள ஏன் பிச்சுப் போடுது? முன் வரிசைல உக்காந்திருக்கிற அண்ணா, கொஞ்சம் மேடைக்கு வாங்க. இந்தக் கண்ணாடில வாஸ்லின் தடவி வச்சிருக்கேன், போட்டுக்குங்க. இப்ப உங்க போன எடுத்து கடைசியா வந்த வாட்ஸ்அப் மெசேஜப் படிங்க. படிங்கண்ணா... பாத்தீங்களா, அரை நிமிஷம் ஆகல, அண்ணன் தாடையத் தூக்கி கண்ணாடிக்குக் கீழ வழியா எட்டிப் பாக்குறாரு! (சிரிப்பு) இவர யாராவது திட்டினோமா? அடம் புடிக்கிறாருன்னு சொன்னோமா? அஞ்சு வயசுப் புள்ள அதையே பண்ணா மட்டும் முதுகுல ஒண்ணு வைக்கிறோம்.

தெரியற ஒரே கண்ண நாம மூடறோம், அத மறந்துடறோம். பார்வை ரொம்ப மோசமா இருக்கிற புள்ளைக்குத்தான் பேட்ச் அதிகம் தேவை, அந்தப் புள்ளதான் அதிகமா பிச்சுப் போடும், ஆராய்ச்சியிலயும் அப்படித்தான் வந்திருக்கு. அதனால முதல் சில வாரம்தான் கஷ்டகாலம், அந்தக் கண்ணுல பார்வை கொஞ்சம் ஏறினதும் மூடினாலும் ஓரளவு தெரியும், புள்ளையும் அடங்கும். நிறைய குடும்பம் அந்த முதல் வாரத்துலயே விட்டுடறாங்க. பாட்டி, இங்கதான் உங்ககிட்ட கேட்டுக்கறேன், "ஐயோ பாவம், மத்தியானம் வரைக்கும் எடுத்து விடு, உங்கம்மா வர்றதுக்குள்ள ஒட்டிக்கலாம்"னு சொல்றது நீங்கதான். பாசம்தான், தப்பு சொல்லல. ஆனா அந்த மத்தியானம் எல்லாம் சேந்துதான் பாதிக் கணக்கு குறையுது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை நெதர்லாந்துல நடந்தது. அங்கயும் மீட்டர் வச்சு அளந்தாங்க, பேட்ச்சோட முன்பக்கச் சூட்டுக்கும் பின்பக்கச் சூட்டுக்கும் இருக்கிற வித்தியாசத்த வச்சு, தோல்ல ஒட்டியிருக்கா இல்ல மேசை மேல கெடக்கான்னு அந்த மெஷின் கண்டுபிடிச்சிடும். டச்சு மொழி சரியா தெரியாத, வெளிநாட்டுல இருந்து வந்து குடியேறின குடும்பங்கள்லதான் ரொம்பக் கம்மியா போடறாங்கன்னு தெரிஞ்சுது. அவங்களுக்கு அக்கறை இல்லாம இல்ல, டாக்டர் சொன்னது புரியல. அதுக்கு அவங்க பண்ணது, எழுத்தே இல்லாத ஒரு படக்கதை, அதுவும் குழந்தைக்கு, ஏன் இத ஒட்டணும்னு படத்துலயே சொல்றது. கூடவே ஸ்டிக்கர் ஒட்டற காலண்டர், பெத்தவங்களுக்கு ஒரு பக்கத் தாள். 2006ல வெளியிட்டாங்க, சும்மா விட்ட கூட்டம் டாக்டர் சொன்ன நேரத்துல 57 சதவீதம் போட்டுது, இந்த மூணும் வாங்கின கூட்டம் 78 சதவீதம். பின்னால மூணையும் தனித்தனியா குடுத்துப் பாத்தப்ப படக்கதைதான் முதல்ல நின்னுது. நாம டாக்டர் ரூம்ல பெரியவங்ககிட்டயே அரை மணி நேரம் பேசறோம், கண்ணு யாருதோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்றதில்ல. நாலு வயசுப் புள்ளைக்கு எல்லாம் புரியும்ங்க.

டீச்சருங்களுக்கு ஒண்ணு. இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் நடந்த ஆராய்ச்சில, கண்ணாடி போடற, பேட்ச் போட்ட குழந்தைங்க மத்தவங்களவிட சுமார் 35 சதவீதம் அதிகமா கிண்டலுக்கும் அடிக்கும் ஆளாறாங்கன்னு வந்துது. நம்ம ஊர்ல "ஒத்தக் கண்ணன்"னு கூப்பிட ஒரு நிமிஷம் போதும். டாக்டர் ரெண்டு மணி நேரம்தான் எழுதியிருந்தா ஸ்கூல் விட்டு வந்து வீட்டுலயே போட்டுக்கலாம். ஓரளவு பாதிப்பு இருக்கிற கண்ணுக்கு ரெண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஒரே பலன்தான்னு அமெரிக்காவுல 2003லயே பாத்துட்டாங்க. ஆனா அத நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட "ஸ்கூலுக்குப் போடாம சமாளிக்க முடியுமா"ன்னு வாய விட்டுக் கேளுங்க.

வீட்டு விஷயம் கொஞ்சம். துணி பேட்ச்ச கண்ணாடி மேல மாட்டினா ஓரத்துல எட்டிப் பாப்பாங்க, தோல்ல ஒட்டுறதுதான் நல்லது, கண்ணாடி அதுக்கு மேல. நம்ம வெயிலுக்கு வேர்வைல கழண்டு வரும், அரிக்கும், அதனால ஃபேனுக்குக் கீழ, மூஞ்சிய நல்லாத் தொடச்சிட்டு ஒட்டுங்க, எடுக்கறப்ப ஓரத்துல துளி தேங்காண்ணெய் தடவி மெதுவா உரிங்க, வெடுக்குன்னு இழுத்தா மறுநாள் புள்ள கிட்டயே வராது. போட்ட நேரத்துல ஏதாவது கைவேலை குடுங்க, பாசி கோக்கறது, கோலப்புள்ளிய சேக்கறது, பாட்டி பக்கத்துல உக்காந்து பருப்புல கல்லு பொறுக்கறது.

கேள்வி கேக்கலாம்... என் பொண்ணுக்கு ஒம்பது வயசு, லேட்டான்னு அந்த அம்மா கேக்குறாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லதுதான், அதுக்காக ஏழு வயசோட கதவு மூடிடுச்சுன்னு சொல்றது பழைய பேச்சு. 2005ல 7ல இருந்து 12 வயசு வரைக்கும் பாத்தாங்க, கண்ணாடியோட பேட்ச், சொட்டு மருந்து, கிட்டப் பாக்குற வேலை எல்லாம் குடுத்ததுல 53 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், கண்ணாடி மட்டும் போட்டவங்கள்ல 25 சதவீதம். அடுத்த வாரமே கூட்டிட்டுப் போங்கம்மா.

சொட்டு மருந்து என்னன்னா, அட்ரோபின். நல்ல கண்ணுல விட்டா அதுக்குக் கிட்ட இருக்கறது மங்கிடும். பேட்ச் ஒத்துக்கவே மாட்டேங்குற புள்ளைக்கு டாக்டர் இதத் தரலாம், 2002ல ஒப்பிட்டுப் பாத்ததுல ஆறு மாசத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் வந்துது. இத பிச்சுப் போட முடியாது! வெளிச்சத்துல கண்ணு கூசும், டாக்டர் சொல்லாம கடைல வாங்கி விடக்கூடாது.

கடைசியா அந்த நீலச் சட்டை சார். சரியாயிடுச்சு, நிறுத்திட்டோம், அப்புறம் எதுக்கு வரணும்னு கேக்குறாரு. நிறுத்தின ஒரு வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட நாலுல ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்கிடுது சார். ஆறு மணி நேரம் போட்டுட்டு இருந்தவங்க திடீர்னு விடாம ரெண்டு மணி நேரமாக் குறைச்சு, அப்புறம் நிறுத்தினா இறங்கறது கம்மி. எப்போ நிறுத்தினீங்க? பிப்ரவரியா? அப்ப இந்த மாசமே ஒரு தடவ காட்டிடுங்க, அந்தப் பழைய சீட்டையும் மறக்காம எடுத்துட்டு வாங்க.