கூட்டம் எத்தனை மணிக்கு?

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் அடுப்படியில் நின்றபடி வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் வன்னிச் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

பெண்களும் அரசியலும் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களோடு இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் நான். இந்த விடயத்தில் எனக்கு முதலில் வாயில் வருகிற கேள்வி ஒன்றுதான். கூட்டம் எத்தனை மணிக்கு?

ஏன் இதைக் கேட்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் பெண்களுக்கு அரசியல் விளங்காது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2017 ஜனவரி கடைசி நாளில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்புப் பெண்கள், விமானப்படை பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் போய் இருந்தார்கள். இரவில் பனி, பகலில் வெயில், மடியில் பிள்ளை. மார்ச் முதலாம் திகதி காணிக்குள் கால் வைத்தார்கள். அதே வருடம் பெப்ரவரி 20 இல், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வருடக்கணக்காக இருந்தார்கள். இதைவிட வேறென்ன அரசியல்?

ஆனால் வேட்பாளர் பட்டியல் எழுதுகிற மேசையில் அவர்களுக்குக் கதிரை இல்லை. இலங்கையில் 1931 இல் இருந்து பெண்களுக்கு வாக்கு இருக்கிறது. இன்றைக்குப் பாராளுமன்றத்தின் 225 பேரில் பெண்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. உள்ளூராட்சி சபைகளில் முன்பு நூற்றுக்கு இரண்டு பேர்கூட இருக்கவில்லை. 2018 தேர்தலில்தான் 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. வட்டார வேட்பாளர்களில் 10 வீதம், வட்டாரத்தில் நிற்காமல் கட்சியின் வாக்கைக் கொண்டு இடம் பெறுகிற மேலதிகப் பட்டியலில் பாதி பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது.

அந்த நேரம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆளின் பெயரும் ஊரும் வேண்டாம், முல்லைத்தீவுப் பக்கம். மாதர் சங்கத் தலைவி ஒருவர். பின்னேரம் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கிறார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் படிவத்தோடு வந்து நிற்கிறார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"அக்கா, பேர் மட்டும் தந்தால் காணும். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

"ஒண்டும் செய்யத் தேவையில்லையெண்டால் நான் ஏன் தம்பி?"

"சட்டம் கேக்குது அக்கா."

அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் திண்ணையில் இருந்து அந்தப் படிவத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார். வந்தவர்கள் இரண்டு தடவை நேரம் பார்த்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மேலதிகப் பட்டியலில் இருந்து உறுப்பினரானார். சபையில் அவரிடம் முதல் கேட்ட கேள்வி, "நீங்கள் எந்த வட்டாரம்? உங்களுக்கு ஆர் வாக்குப் போட்டது?" பட்டியலில் வந்த ஆண்களும் அங்கே இருந்தார்கள். அவர்களிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

அவருடைய ஊரில் பள்ளிக்கூடப் பாதையில் மதகு உடைந்து கிடந்தது. மழைக்கு முன்பே சொன்னார். பார்ப்போம் என்றார்கள். அடுத்த மாதமும் பார்ப்போம். கார்த்திகை மாதக் கூட்டத்துக்கு ஒரு பூவரசங்கம்போடு போனார். அந்த மதகில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கம்பில் கரியால் கோடு கீறியிருந்தார். மேசையில் வைத்து, "இது என்ர பேத்தியின்ர நெஞ்சு மட்டம்" என்றார். அவ்வளவுதான். தவிசாளர் எழும்பி வந்து கம்பை எடுத்துத் தன் காலோடு நிறுத்திப் பார்த்தார். அன்றுதான் அந்த மதகு கூட்டக் குறிப்பில் ஏறியது. அடுத்த மாரிக்குள் கட்டி முடிந்தது. பேரை மட்டும் தரச் சொல்லி அவர்கள் கேட்ட அதே பெண்தான், நேயர்களே.

சரி, இப்போது நேரத்துக்கு வருகிறேன். சபைக் கூட்டம் பகலில். யார் தவிசாளர், அடுத்த முறை யாருக்கு வட்டாரம் என்று முடிவெடுக்கிற கட்சிக் கூட்டம் இரவு ஏழரைக்கு, நகரத்தில். அவருடைய ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. அந்தப் பாதையில் விளக்கு இல்லை, யானை இருக்கிறது. துணிந்து போய் வந்தாலும், யாருடைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள் என்பதுதான் மறுநாள் சந்தியில் கதை. கூட்டத்தில் என்ன பேசினாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கணவர் இல்லாத பெண்ணென்றால் அந்தக் கதை இன்னும் நீளும். போருக்குப் பிறகு வன்னியில் எத்தனை வீடுகளைப் பெண்கள் தனியே நடத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கூட்டம் எத்தனை மணிக்கு? அந்தக் கூட்டத்தைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தால் எந்தக் கட்சிக்கு என்ன குறைந்துவிடும்?

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். காணியைப் பற்றி விரிவாகப் பேச இருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். வன்னியில் பெரும்பாலும் அனுமதிப்பத்திரக் காணி, அரசு பத்திரம் எழுதிக் கொடுத்த காணி. 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பெயர், எழுதாமல் விட்டால் பிள்ளைகளில் மகனுக்குத்தான் முன்னுரிமை இருந்தது. காணி பெயரில் இல்லாத பெண்ணின் குரல் கமக்காரர் அமைப்பிலும் எடுபடாது, குளத்துத் தண்ணீர்க் கூட்டத்திலும் எடுபடாது. 2022 இல் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கித் திருத்தினார்கள். இன்று இரவு பெட்டியில் கிடக்கும் அனுமதிப்பத்திரத்தை எடுத்து, பின்னுரித்தாளர் இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால் பிரதேச செயலகக் காணிப் பகுதிக்குப் போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வணக்கம்.