தீர்வு எந்த இடத்தில் நின்றது?

(தண்டையார்பேட்டையில் நடந்த கட்டடப் பொறியாளர்களின் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களுக்கும், அலுவலகம் முடிந்து நேராக இங்கு வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்றில் நிற்கும் படகுத்துறைகள், பாலங்கள், குழாய்த் தாங்கிகள் ஆகியவற்றின் மிச்ச வலிமையைக் கணிக்க வேண்டிய வேலை நம் பகுதிப் பொறியாளர்களுக்கு அடிக்கடி வருகிறது. விரிசலையும் கம்பியின் நெகிழ்வையும் சேர்த்துக் கணிக்கும் நேரிலா ஃபைனைட் எலிமெண்ட் பகுப்பாய்வில் (அமைப்பைச் சிறு உறுப்புகளாகப் பிரித்து, சுமையைப் படிப்படியாக ஏற்றிக் கணிக்கும் முறையில்) இறங்கினால், பாதி வழியில் ‘தீர்வு குவியவில்லை’, அதாவது விசைகள் சமநிலைக்கு வரவில்லை என்று மென்பொருள் நின்றுவிடுகிறது. உடனே டாலரன்ஸை, அதாவது ஏற்கத்தக்க பிழையளவைத் தளர்த்திவிட்டு மறுபடியும் ஓட்டுவதே நம்மிடையே பரவியிருக்கும் வைத்தியம். அது மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் வாங்குவதற்குச் சமம். கணக்கு எந்தச் சுமையில், எந்தக் கணுவில் (உறுப்புகள் சந்திக்கும் புள்ளியில்) நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதல் படியிலேயே நின்றுபோனால் கான்கிரீட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தாங்கி விடுபட்டிருக்கும், இரு பாகங்கள் ஒட்டாமல் கிடக்கும், அல்லது நியூட்டனும் மில்லிமீட்டரும் இருக்கும் கோப்பில் ஒருவர் மீட்டரில் எண்ணை இட்டிருப்பார். பொருள் நடத்தையை நேரியலாக்கி ஒருமுறை ஓட்டினால் இவற்றில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும்.

தொல்லை மிகுந்தது விரிசல் தொடங்கும் இடம். 300 மி.மீ. அகலமும் 600 மி.மீ. ஆழமும் உள்ள, எம்30 (30 மெகாபாஸ்கல் அழுத்தவலிமைத் தர) கான்கிரீட்டாலான விட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 தரும் வாய்பாட்டின்படி வளைவு இழுவலிமை 0.7√30, அதாவது சுமார் 3.8 மெகாபாஸ்கல், எனவே விரிசலைத் தொடங்கிவைக்கும் வளைவுத் திருப்புத்திறன் ஏறத்தாழ 69 கிலோநியூட்டன் மீட்டர். அந்தக் கணத்தில் கான்கிரீட்டின் திரிபு 0.00014தான் என்பதால், பக்கத்திலிருக்கும் கம்பி 28 மெகாபாஸ்கல் அளவுக்கே தகைவைச் சுமந்துகொண்டிருக்கும். கான்கிரீட் கைவிட்டதும் அந்த இழுவிசை முழுவதும் கம்பியின் மேல் விழுகிறது. திருத்தித் திருத்தித் தீர்வை நெருங்கும் நியூட்டன்–ராப்சன் முறை முந்தைய விறைப்பை நம்பி எடுத்துவைத்த அடி வெகுதூரம் தள்ளிப் போய் விழ, சமன்படாமல் எஞ்சிய விசை சுற்றுக்குச் சுற்று குறையாமல் ஊசலாடுகிறது. கணக்கு 69-ஐ ஒட்டி நின்றதென்றால் அது பிழையென்று சொல்வதைவிட, விரிசல் விழுந்த செய்தி என்றே கொள்ளலாம். அந்த இடத்தில் மட்டும் படியைச் சிறிதாக்கி, சுற்றுகளின் உச்ச வரம்பைக் கூட்டினால் பெரும்பாலும் கடந்துவிடும்.

எப்போதும் கடந்துவிடும் என்று சொல்ல முடியாது. அதே விட்டத்தில் 550 மி.மீ. பயனுறு ஆழத்தில் 12 மி.மீ. கம்பிகள் இரண்டு மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 500 தரக் (500 மெகாபாஸ்கலில் நெகிழும்) கம்பிகள் தரக்கூடிய எதிர்ப்பு சுமார் 60 கிலோநியூட்டன் மீட்டர்தான். விரிசல் வாங்கிய 69-ஐ விட இது குறைவு. சுமையை ஏற்றிக்கொண்டே போகும் கணக்குக்கு அதற்கு மேல் சமநிலை என்ற ஒன்றே இல்லை. இல்லாத தீர்வைத் தேடி ஆயிரம் சுற்று ஓடினாலும் கிடைக்காது. அங்கே இடப்பெயர்ச்சியைக் கட்டுப்படுத்தி நகர்த்த வேண்டும். இடப்பெயர்ச்சியும் பின்வாங்கும் அமைப்பானால், ரிக்ஸ், கிரிஸ்ஃபீல்டு ஆகியோர் வளர்த்தெடுத்த வில்நீள முறையை (சுமையையும் இடப்பெயர்ச்சியையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் முறையை) நாட வேண்டும். துருப்பிடித்துக் கம்பி மெலிந்த பழைய தூண்களில் இந்த நிலைமை புத்தகக் கணக்கைவிடச் சீக்கிரம் வந்துசேரும்.

அடுத்தது மெஷ், அதாவது அமைப்பை உறுப்புகளாகப் பிரிக்கும் வலை. விரிசல் ஒன்று விரிந்து முடிய வேண்டிய ஆற்றலை உறுப்பின் அளவோடு பிணைக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பஜான்ட்டும் ஓவும் 1983-ல் காட்டினார்கள். முறிவாற்றல் மி.மீ.க்கு 0.1 நியூட்டன், நேர் இழுவலிமை 3 மெகாபாஸ்கல் என்று கொண்டால், நேர்கோட்டுத் தளர்வு விதிக்கு (விரிசல் விரிய விரியத் தகைவு நேர்கோடாகக் குறையும் விதிக்கு) உறுப்பின் அளவு ஏறத்தாழ 600 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது. அடுக்குக்குறித் தளர்வுக்கு அதில் பாதி. இதைத் தாண்டினால் பொருள் விதியே பின்னோக்கி மடங்கும். வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது. விட்டத்தின் ஆழத்திலேயே பல உறுப்புகள் இருந்தால்தான் வளைவு சரியாகப் பதியும். சுமையை ஒரே கணுவில் குத்தி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே கான்கிரீட் நசுங்கி, விட்டத்தைப் பற்றிய கேள்வி வருவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும். ஆய்வகத்தில் வைப்பதுபோல் எஃகுத் தகடு வையுங்கள்.

திடீர் மாற்றங்களைத் தணிக்கும் பாகுத்தன்மை அளபுருவைச் சேர்த்தால் கணக்கு வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது உண்மை. கூட்டிக்கொண்டே போனால் வலிமையும் போலியாக ஏறும் என்பதும் உண்மை. ஆகவே அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். உச்சச் சுமை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் முதல் விடையை அறிக்கையில் எழுதாதீர்கள். சமநிலையைத் தேடாமல் நேரத்தில் சிறுசிறு அடிகளாக நகரும் எக்ஸ்பிளிசிட் முறைக்குத் தாவுகிறவர்கள், இயக்க ஆற்றல் அக ஆற்றலில் 5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்ற வரைபடத்தையும் சேர்த்தே என்னிடம் கொண்டுவாருங்கள்.