குடலின் உட்சுவரை அமிலம் அரித்துவிடுமா?

"அல்கலைன் தண்ணீர், அதாவது காரத்தன்மை உள்ள தண்ணீர் குடித்தால் குடலின் உட்சுவர் செல்கள் பாதுகாக்கப்படும் என்கிறார்களே, உண்மையா? எலுமிச்சை போன்ற புளிப்பு அந்தச் செல்களை அரித்துவிடுமா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் எலுமிச்சையைப் பார்த்துவிடுவோம். அதன் சாற்றின் பிஎச் அளவு ஏறக்குறைய 2. (பிஎச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே போகப்போக அமிலம் கடுமையாகும், மேலே போனால் காரம்.) வெறும் வயிற்றில் இரைப்பைச் சாறும் அதே அளவில்தான் இருக்கிறது, சில நேரம் அதைவிடக் கடுமையாகவும் இருக்கும். ஆகவே எலுமிச்சை குடலுக்குப் புதிய ஆபத்து எதையும் கொண்டுவருவதில்லை.

உண்மையான சோதனை இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில்தான் நடக்கிறது. அமிலம் தோய்ந்த உணவுக் கூழ் அங்கே இறங்கியவுடன், சுவரில் இருக்கும் சில செல்கள் அதை உணர்ந்து செக்ரெட்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் கண்டுபிடித்த ஹார்மோன் இது. இந்தச் செய்தி கிடைத்ததும் கணையம் பைகார்பனேட் என்ற காரப்பொருள் நிறைந்த நீரைப் பாய்ச்சி அமிலத்தைத் தணிக்கிறது. அதோடு, உட்சுவர் செல்களும் தாங்களாகவே பைகார்பனேட்டைச் சுரந்து, தம்மேல் படர்ந்திருக்கும் சளிப்படலத்துக்குள் நிரப்பிக்கொள்கின்றன. குடலின் நடுவே அமிலம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் செல்லை ஒட்டிய அந்த மெல்லிய அடுக்கு ஏறக்குறைய நடுநிலையில் இருக்கிறது. எனக்கு இதில் இன்றும் வியப்பு தீரவில்லை.

இனி அல்கலைன் தண்ணீர். பைகார்பனேட் கலக்காத, பிஎச் 9 உள்ள தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் காரத்தன்மை முழுவதையும் போக்க, பிஎச் 2 உள்ள இரைப்பைச் சாறு கால் மில்லி போதும். வெறும் ஐந்தாறு சொட்டு! அந்தக் காரம் குடலை எட்டுவதே இல்லை. இதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

காரம் நல்லது, அமிலம் கெட்டது என்று பிரிப்பதும் தவறு. பெருங்குடலில் நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. அங்குள்ள உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அந்தப் பியூட்டிரேட்தான். கீரை, பயறு, கேழ்வரகு சாப்பிட்டால் அது கிடைத்துவிடும்.

முன்சிறுகுடலில் புண் வருவது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியாலும், வலி மாத்திரைகளை நீண்ட நாள் விழுங்குவதாலும்தான். பாதுகாப்பு குலைந்த இடத்தில்தான் அமிலம் புண்ணாக்குகிறது. பசி நேரத்திலோ நள்ளிரவிலோ மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.