மனநோய் இருந்தால் தண்டனை குறையுமா?

[திரையில்: ஆள் இல்லாத குற்றவாளிக் கூண்டு]

"பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சிடுவான் பாருங்க." கொலை வழக்கில் மனநோய் என்ற சொல் வந்ததுமே இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். அதனால் தப்பிக்கிற கதையை முதலில் முடித்துவிடுவோம்.

1843-ல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்றார். ஆளும் கட்சி தன்னைத் துரத்துகிறது என்று அவர் மனதார நம்பியிருந்தார். ஜூரி அவரை விடுவித்தது. நாடே கொதித்தது. 'செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ அறியாத நிலையில் இருந்தால் மட்டுமே விடுதலை' என்ற விதி அப்போது உருவானதுதான். சரி, விடுதலையான மெக்நாட்டன் வீட்டுக்குப் போனாரா? இல்லை. 1865-ல் சாகும்வரை மனநலக் காப்பகங்களிலேயே அடைபட்டுக் கிடந்தார்.

[திரையில்: இரண்டு கதவுகள். ஒன்றில் 'குற்றவாளியா?' இன்னொன்றில் 'எவ்வளவு தண்டனை?']

அந்த விதி மிகக் குறுகலான கதவு. நோய் இருந்தும், தான் செய்வது தவறென்று ஓரளவு தெரிந்தே செய்தவர்கள் அதில் நுழைய முடியாது. சட்டப்படி அவர்கள் குற்றவாளிகள். இந்த வீடியோ அவர்களைப் பற்றியது. இரண்டாவது கதவில் நீதிபதி என்ன பார்க்கிறார்?

நோயின் பெயரை அல்ல. அந்த நோய் இந்தச் செயலில் என்ன வேலை செய்தது என்பதைத்தான். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடும் ஒரு கணக்காளர், மூன்று வருடம் பொய்க் கணக்கு எழுதிப் பணம் சுருட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் உண்மைதான். ஆனால் திருட்டுக்கும் அதற்கும் முடிச்சு எங்கே? இன்னொருவருக்கு மனச்சிதைவு நோய். 'அவன் உன்னைக் கொல்ல வருகிறான்' என்று காதில் குரல் கேட்டு, எதிரே வந்தவரை அடிக்கிறார். இங்கே முடிச்சு கண்ணுக்கே தெரிகிறது, பழியும் அந்த அளவுக்குக் குறைகிறது.

நடுவில் கிடப்பவைதான் தலைவலி. "மாத்திரையை நிறுத்தியது அவர்தானே?" என்று அரசுத் தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. ஆனால் 'எனக்கு நோயே இல்லை' என்று நம்பவைப்பதும் சில மனநோய்களின் அறிகுறி. 2020-ல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் தண்டனை வழிகாட்டி இதைக் கவனிக்கச் சொல்கிறது: நிறுத்தினால் என்ன ஆகும் என்று புரிந்தே நிறுத்தினாரா? மருத்துவரோ பெரும்பாலும் சம்பவம் நடந்து மாதங்கள் கழித்துத்தான் அவரைப் பார்க்கிறார். அன்றைக்கு அந்த மனம் எப்படி இருந்தது என்பதை இன்றைக்கு உட்கார்ந்து கணிக்க வேண்டும்.

பழி குறைவது மட்டுமே கணக்கில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-ல் வெர்டின்ஸ் வழக்கில் வேறு சிலவற்றையும் வரிசைப்படுத்தியது. பிறருக்குப் பாடமாக இருக்கட்டும் என்றுதான் பல தண்டனைகள் கடுமையாகின்றன. நோயில் தடுமாறிய ஒருவரைக் காட்டி யாருக்குப் பாடம் நடத்துவது? அப்புறம், அதே ஐந்து வருடச் சிறை எல்லோருக்கும் ஒரே எடை அல்ல. பூட்டிய அறை ஒருவருக்குச் சலிப்பு, இன்னொருவருக்கு நோயை முற்றவைக்கும் இடம்.

[திரையில்: தராசு. ஒரே எடைக்கல் இரண்டு தட்டுக்கும் மாறி மாறி நகர்கிறது]

இதுவரை கேட்டால் நோய் எப்போதும் சாதகம் என்று தோன்றும். அப்படியில்லை. ஆஸ்திரேலியாவிலேயே வீன் என்பவரின் வழக்கு இருக்கிறது. மூளைப் பாதிப்பு உள்ளவர், ஒருவரைக் கொன்றிருந்தார். அவருடைய ஆயுள் தண்டனையை நாட்டின் உயர் நீதிமன்றம் 1979-ல் 12 வருடமாகக் குறைத்தது. 1983-ல் வெளியே வந்தார். அதே வருடம் இன்னொருவரைக் கொன்றார். 1988-ல் அவருக்கு விதித்த ஆயுள் தண்டனையை அதே உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. பழியைக் குறைக்கிற அதே குறைபாடு, மறுபடி செய்வார் என்ற பயத்தைக் கூட்டுகிறது. ஆபத்தானவர் என்பதற்காகக் குற்றத்துக்குத் தகுந்த அளவைத் தாண்டித் தண்டிக்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. எழுதுவது சுலபம். அந்த அளவு எங்கே முடிகிறது என்று கோடு போடுவதுதான் கஷ்டம்.

சிறைக்குப் பதில் மருத்துவமனைக்கு அனுப்பலாமே? இங்கிலாந்தில் 1983-ன் மனநலச் சட்டப்படி அனுப்பலாம். கேட்க மென்மையாக இருக்கும். ஆனால் ஆபத்தானவர் என்று கட்டுப்பாட்டு உத்தரவும் சேர்ந்துவிட்டால், வெளியே வரும் தேதி என்று ஒன்று கிடையாது. அமைச்சரோ தீர்ப்பாயமோ சம்மதிக்க வேண்டும். வழக்கமான சிறைத் தண்டனையில் நாட்களையாவது எண்ணலாம்.

கடைசியாக, தண்டனை விதித்த பிறகு நோய் வந்தால்? தூக்குக் கைதிகளின் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. இந்திய உச்ச நீதிமன்றம் 2014-ல், மனநோயைத் தூக்கை ஆயுளாகக் குறைக்கும் காரணமாக ஏற்றது. 2019-ல், தீர்ப்புக்குப் பிறகு முற்றிய கடும் மனநோயையும் கணக்கில் எடுத்து, ஒரு கைதியின் தூக்கை வாழ்நாள் சிறையாக மாற்றியது. நோயாளியின் அந்தரங்கம் காக்க, அந்தத் தீர்ப்பில் அவர் வெறும் 'எக்ஸ்'.

அதே 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரமான கேள்விக்குப் பதில் சொன்னது. அலபாமா சிறையில் ஒரு முதியவர். 1985-ல் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றவர். பக்கவாதம் பலமுறை தாக்கி, மறதி நோய் வந்து, தான் செய்த கொலையே அவருக்கு நினைவில்லை. அவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றலாமா? நினைவு இல்லை என்பது மட்டும் தடையாகாது, ஆனால் 'எனக்கு ஏன் இந்தத் தண்டனை' என்பதே புரியாத அளவுக்கு மறதி நோய் முற்றியிருந்தால் நிறைவேற்றக் கூடாது என்றது நீதிமன்றம். அவர் இதில் எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. தண்டனை நிறைவேறாமலே, 2020-ல் அவர் சிறையில் இறந்துபோனார்.