ஒரு ‘ஓ’ கூடினால் வலை அவிழ்ந்துவிடும்

வணக்கம் மக்களே, பாம்பன் கடற்கரையிலிருந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு மாமா ஒருவர், போன மாதம் சூறைக்காற்றில் போன வலைக்கு உதவி கேட்டு இங்கிலீஷில் மனு எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். இந்தத் தாளைப் பாருங்கள், மூன்றாவது வரி, பெயரை மட்டும் விரலால் மறைத்திருக்கிறேன். ‘வீ லூஸ் அவர் நெட்.’ அந்த லூஸில் இரண்டு ஓ இருக்கிறது. அது சட்டை தொளதொளவென்று இருந்தால் சொல்கிறோமே, அந்த லூஸ். அதுவே வினையாக வந்தால் ‘அவிழ்த்துவிடு’ என்று அர்த்தம். கடல் கொண்டுபோன வலையை நாங்களே அவிழ்த்துவிடுகிறோம் என்றல்லவா ஆகிவிடும்! தொலைப்பதற்கும் லூஸ்தான், ஆனால் அதில் ஒரே ஓ. தொலைத்தாகிவிட்டது என்றால் லாஸ்ட்.

மாமாவைக் குறை சொல்லமாட்டேன். நம் காதுக்கு இரண்டும் ஒரே லூஸ்தான். ‘பாம்பன்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். முதல் ப வேறு, நடுவில் வரும் ப வேறு, எழுத்து மட்டும் ஒன்று. இடத்தைப் பார்த்து நம் வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. இங்கிலீஷில் அந்த மாதிரி சின்ன வித்தியாசத்திலேயே அர்த்தம் மாறிவிடும்.

சரி, தொண்டையில் கை வையுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு சீறுவதுபோல் இழுங்கள், தொண்டை சும்மா இருக்கும். அப்புறம் நாக்கை அசைக்காமல் வண்டு மாதிரி ரீங்காரம் போடுங்கள், விரலுக்கடியில் அதிருகிறதா? இரண்டு ஓ லூஸ் சீறி முடியும், ஒரு ஓ லூஸ் அதிர்ந்து முடியும். அட்வைஸும் அப்படித்தான்: சி போட்டு எழுதினால் அறிவுரை என்கிற பெயர்ச்சொல், அது சீறல், எஸ் போட்டால் அறிவுரை சொல்வது, அது ரீங்காரம். வீடு கரைக்கு க்ளோஸ் என்றால் சீறல், கதவை க்ளோஸ் பண்ணினால் ரீங்காரம், இதில் எழுத்துகூட மாறாது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யூஸும் அதே கதை. பாரோ, லெண்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: கடன் வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட், அவ்வளவுதான்.

மாமா தொண்டையில் கை வைத்தபடி பத்து தடவையாவது சொல்லிப்பார்த்தார். ‘வீ லாஸ்ட் அவர் நெட்’ என்று வேறு தாளில் எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறார்.