பீலித் தண்ணியும் கற்றாழையும்

(பௌர்ணமி விடுமுறையான போயா நாள் பிற்பகல் ஒன்றில், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டக் கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, ஐயாமாரே, பின்னால் நின்றுகொண்டு போன் பார்க்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

தீக்காயத்துக்கான கைமருந்து பற்றிப் பேசச் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து டிஸ்பென்சரியில் புண்ணுக்கு மருந்து கட்டியவன் நான். மூலிகையைத் திட்டத்தான் போகிறான் என்று நினைத்துச் சில பேர் வந்திருப்பீர்கள். அப்படி இல்லை. முதலில் இந்தக் கையைப் பாருங்கள்.

எனக்கு ஏழு வயது. விடியாத நேரம், லயத்து வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்குள் இருட்டு. அடுப்பில் கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, புகைந்துகொண்டிருக்கிறது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா அவசரப்படுகிறார். நான் பக்கத்தில் குந்தி நெருப்பை ஊதினேன். தேத்தண்ணிக் கேத்தல் சரிந்து இடது கையில் கொட்டிவிட்டது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் விழுகிற பீலிக்கு ஓடப் பார்த்தார். அப்பாவின் அம்மாவான அப்பாயி, வாசல் இஸ்தோப்பில் மறித்து நின்றார். "தண்ணி பட்டா கொப்பளிச்சிரும்டி, புள்ளைய விடு!" வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பை விரலால் வழித்து, அப்படியே கையில் அப்பினார். நான் கத்தின கத்தல் பக்கத்து லயம் வரைக்கும் கேட்டதாம்.

இந்தத் தழும்பில் பாதியைத்தான் தேத்தண்ணி போட்டது. மீதியைச் சுண்ணாம்பு போட்டது. வெந்த தோலின்மேல் சுண்ணாம்புக் காரம் பட்டால் அதுவும் ஒரு தீதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பாயிக்குச் சரியான முறை தெரியும். பிறகு ஒருநாள் அவர் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு சிரட்டையில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்துவிடுவார். இரவு முழுக்க அசைக்கக் கூடாது. காலையில் சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே கண்ணாடி போலத் தெளிநீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் இறுத்து, அதே அளவு தேங்காய் எண்ணெய் விட்டு, அகப்பைக் காம்பால் அடிப்பார். அடிக்க அடிக்க வெளுத்து, தயிர் மாதிரித் திரண்டு வரும். ஒரு கோழி இறகில் தொட்டுத் தடவுவார். ஸ்கொட்லாந்தில் கரோன் என்று ஓர் இரும்பாலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களின் சூட்டுப் புண்ணுக்கும் இதே மருந்துதான். தேங்காய் எண்ணெய்க்குப் பதில் ஆளி விதை எண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம். கரோன் எண்ணெய் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. நம் தோட்டங்களைத் திறந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். பங்களாவில் ஒரு பெயர், லயத்தில் ஒரு பெயர், பண்டம் ஒன்று.

ஆனால் பாருங்கள், அந்த மருந்துக்கு ஒரு ராத்திரி வேண்டும். சுட்ட கைக்கு ஒரு ராத்திரி காத்திருக்கத் தெரியாது. அவசரத்தில் அப்பாயி கைக்குக் கிடைத்ததை அப்பிவிட்டார். நம் வீடுகளில் நடக்கிற கெடுதல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. மருந்து பிழையாக இருப்பதில்லை, அது வருகிற நேரம் பிழையாகிவிடுகிறது.

சரி, சுட்டவுடனே என்ன செய்வது? பீலிக்கு ஓடுங்கள். அம்மா செய்யப் பார்த்ததுதான் சரி. அடுப்பை விட்டு எடுத்த ரொட்டிச் சட்டி எவ்வளவு நேரம் சுடுகிறது? தோலும் அப்படித்தான். நெருப்பு விலகின பிறகும் சூடு உள்ளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஒரு குவளை ஊற்றிவிட்டு நிறுத்துவது போதாது. உடனே முடியாமல் போனாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. கொப்புளம் வருவது தண்ணீரால் இல்லை, சூட்டால். வரவேண்டியது வரத்தான் செய்யும். தண்ணீர் அதைக் குறைக்கும்.

அப்பாயியைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை சுட்ட புண்ணை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அதிலேயே, லேசாகக் கருகினதற்குச் சூடு காட்டு, குளிர்ந்த நீர் இரத்தத்தை உறைய வைக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது. அவ்வளவு பெரிய நூலுக்கே சறுக்கியிருக்கும்போது, வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த கிழவி என்ன செய்வார்?

நம் ஊருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். சனவரி காலையில் பீலித் தண்ணி ஐஸ் மாதிரி வெட்டும். சின்னப் பிள்ளையை முழுசாக அதில் பிடித்தால் உடம்பு குளிர்ந்து, அது வேறு ஆபத்து. புண்ணை மட்டும் தண்ணியில் காட்டுங்கள். மற்ற உடம்பைக் கம்பளியால் மூடுங்கள். காப்பு, மோதிரம், அரைஞாண் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டின துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மை, முட்டை வெள்ளை, மண்ணெண்ணெய் எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளைகள் அழுத அழுகையும் கேட்டிருக்கிறேன். உண்மையில் புண்ணை விட அந்தச் சுரண்டல்தான் எனக்கு மறக்கவில்லை.

எது வீட்டோடு முடிகிற காயம், எது ஆஸ்பத்திரிக்குப் போகிற காயம்? சுட்டவருடைய உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவருடைய உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. உங்கள் கையை வைத்துப் பிள்ளையை அளக்காதீர்கள், பிள்ளையின் கையை வைத்து அளங்கள். அந்த அளவை விடப் பெரிய கொப்புளம், முகம், கை, கால், மூட்டு, மறைவிடம், கரண்டு அடித்தது, கைக்குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம். வெள்ளையாகவோ தோல்வாரைப் போலவோ ஆகி, தொட்டால் வலிக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். வலியைச் சொல்கிற நரம்பும் சேர்ந்து வெந்திருக்கிறது என்று அர்த்தம். 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் சுவ செரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. தோட்டத்து ரோட்டில் அது மேலே ஏறுமா என்பது வேறு கதை. பிள்ளையைச் சுத்தமான துணியில் மூடிக்கொண்டு சந்திக்கு இறங்கி நில்லுங்கள்.

இப்போது மூலிகைக்கு வருகிறேன். மேலே சொன்ன எதிலும் சேராத, சிவந்த, சின்னக் காயத்துக்குத்தான் இனி நான் சொல்வது எல்லாம்.

கற்றாழை. சிங்களத்தில் கோமாரிக்கா. மடலை அறுத்தவுடன் தடவாதீர்கள். அறுத்த வாயில் மஞ்சளாக ஒரு பால் வடியும், பார்த்திருப்பீர்கள். அது தோலை அரிக்கும். மடலை ஒரு கோப்பையில் நிமிர்த்திக் கால் மணி நேரம் வையுங்கள், மஞ்சள் எல்லாம் இறங்கிவிடும். பிறகு கழுவி, முள்ளோரத்தைச் சீவி, தோலை உரித்து, உள்ளே இருக்கிற நுங்கு மாதிரியான சோற்றை மட்டும் மறுபடி கழுவி எடுங்கள். அதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். குளிர்ச்சியின் ரகசியம் பாதி அங்கேயே இருக்கிறது. மீதியும் உண்டு. 2007இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை நடந்த பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கற்றாழை போட்டவர்களுக்குப் புண் ஏறத்தாழ 9 நாள் முன்னதாக ஆறியிருந்தது. மொத்தமே 4 ஆய்வுகள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொப்புளம் உடைந்த இடத்தில் வீட்டுக் கற்றாழை வேண்டாம்.

தேன். 1991இல் சுப்பிரமணியம் என்ற இந்திய அறுவை மருத்துவர், 104 பேரில் பாதிப் பேருக்குத் தேனும் மற்றவர்களுக்கு வெள்ளி மருந்துக் களிம்பும் கட்டிப் பார்த்தார். தேன் கட்டியவர்களுக்குச் சீக்கிரம் ஆறியது. தேன் ஈரத்தை இழுத்துக் கிருமியை வாட்டிவிடும், புளிப்புத் தன்மையும் அதற்கு உண்டு. ஆனால் நம் ஊரில் ரோட்டோரம் சாராயப் போத்தலில் விற்கிறார்களே, அதில் எவ்வளவு தேன், எவ்வளவு சீனிப்பாகு? ஆஸ்பத்திரியில் கட்டுகிற தேன் கிருமி நீக்கினது. இன்னும் ஒன்று, கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற கித்துள் பாணி தேன் இல்லை. அதைக் கட்டிக்கொண்டு வந்த ஓர் ஐயாவின் காலில் எறும்பு ஊறியதை நானே தட்டிவிட்டிருக்கிறேன். அதை வட்டிலப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வல்லாரை நம் கான் ஓரங்களில், தண்ணீர் வடிகிற வாய்க்கால் பக்கம், செழித்து வளர்கிறது. அதில் இருக்கிற ஆசியாட்டிகோசைட் என்கிற சத்து புதுத் தோலுக்கு வேண்டிய நாரை வளர்க்க உதவும். அதை வைத்துக் களிம்பும் செய்கிறார்கள். அதற்காகக் கான் தண்ணியில் முளைத்ததை அரைத்துப் புண்ணில் அப்பினால் கானில் இருக்கிறதெல்லாம் புண்ணுக்குள் போகும். சம்பலாகச் சாப்பிடுங்கள்.

ஊமத்தைக்கும் ஒரு வார்த்தை. புண்ணுக்குப் போடுகிற மத்தன் தைலத்துக்கு ஊமத்தைச் சாறு வேண்டும் என்று கேள்விப்பட்டு, நுவரெலியாப் பக்கம் ரோட்டோரத்தில் மணி மாதிரித் தொங்குகிற பெரிய பூவின் இலையைப் பறிக்கிறார்கள். அது வேறு செடி. இரண்டுமே விஷம். தைலம் வேண்டுமானால் பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள். 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் வந்த பிறகு நாட்டு வைத்தியருக்கும் பதிவு உண்டு. சிங்கள வைத்தியத்தில் சுட்ட புண்ணுக்கென்றே தனிப் பரம்பரைகள் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது வாழையிலை. வெந்தவர்களை வாழையிலையில் படுக்க வைப்பது நம் ஆட்களின் பழைய வழக்கம். புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சி, காசும் இல்லை. மும்பை மருத்துவர்கள் அதைக் கட்டுத்துணியாகவே செய்து பார்த்து, 2003இல் எழுதினார்கள். அவிழ்க்கும்போது வலி குறைவு. அதே ஊரில் அதற்கு முன்பே உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் ஒட்டி, கிருமி நீக்கிக் கட்டியிருக்கிறார்கள். வெலிமடைக் கிழங்கைப் பச்சையாகத் துருவி அப்பலாமா என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, அது மண்ணுக்குள் விளைந்தது.

கடைசியாக, போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போடுகிற குப்பி லாம்பு. கரண்டு போன இரவுகளில் இன்னும் பற்ற வைக்கிறோம். விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர், குப்பி லாம்பு சரிந்து வெந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, சரியாத ஒரு லாம்பைச் செய்தார். குட்டையாக, கனமாக, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு. மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இத்தனை மூலிகை சொன்னேனே, அந்தக் குட்டைப் போத்தல் அவ்வளவுக்கும் வேலை இல்லாமல் செய்துவிடும்.

பேச்சு முடிந்து இறங்கும்போது, முன் வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்தார். "ஐயா, மலையில வேல செய்யிற இடத்துல சுட்டுட்டா? பீலி எங்க இருக்கு? எங்க கையில சாயத்தண்ணிப் போத்தல்தான் இருக்கும்."

நல்ல கேள்வி. அந்த வெறுந் தேத்தண்ணியில் இருக்கிற தேயிலைத் துவர்ப்புக்கும் ஒரு கதை உண்டு. 1925இல் அமெரிக்காவில் டேவிட்சன் என்ற மருத்துவர், மாசிக்காயில் இருக்கிற துவர்ப்புச் சத்தைச் சுட்ட புண்ணுக்குப் பூசினார். புண்மேல் பொருக்குக் கட்டி, பல உயிர் பிழைத்தது. உலகமே பூசியது. பிறகு ஈரலைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து 1940களில் கைவிட்டார்கள். ஆகவே சாயத்தை மருந்து என்று ஊற்ற வேண்டாம்.

"ஆறினதா இருக்குமா?" என்று கேட்டேன்.

"பத்து மணிக்கெல்லாம் பச்சத்தண்ணி மாதிரி ஆயிரும்."

"சீனி?"

"சீனி விக்கிற வெலைக்கா, ஐயா!"

மண்டபம் சிரித்தது. அப்படியென்றால் ஊற்றுங்கள் என்றேன். ஊற்றிக்கொண்டே ஓடையைத் தேடி இறங்குங்கள்.